கல்யாண மண்டபத்தில் நான் பார்க்காத பெண்

நான் வேலை செய்யும் ஆலோசனை மையம் மாசாயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. எங்களிடம் இரண்டு அறைகள், ஒரு வரவேற்பு மேசை, குளிரைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுக்கும் ஓர் ஏர்கான். விபத்து, வன்முறை, திடீர்ச் சாவு என்று மனத்தில் பெரிய அடி பட்ட பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. மோட்டார் விபத்தில் தப்பிய ஒரு பெண்ணை மோட்டார் பட்டறைக்கு மேலே வரச்சொல்லிப் பேச வைப்பது என்ன ஏற்பாடு என்பது, அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவளுக்குப் பதினாறு வயது. இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம். அவளுடைய அம்மா வெளியே காத்திருந்தார். நான் முதல் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தபோது கீழே யாரோ ஒரு வண்டியை முறுக்கினார்கள். தரை அதிர்ந்தது. நான் பதறிப்போய், "பின்னால இருக்கற ரூமுக்குப் போயிடலாமா?" என்று எழுந்துவிட்டேன்.

"இருங்கக்கா," என்றாள் அவள். "செயின் லூசா இருக்கு. இப்ப நிறுத்திடுவாங்க."

சொன்னபடியே நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் ஃபிரெண்டு சொல்லிக் குடுத்தா. சத்தத்த வச்சே என்ன வண்டி, என்ன கோளாறுன்னு சொல்லிடுவா."

அதன் பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் அவள் வேறு எதுவும் பேசவில்லை. விபத்தில் இறந்துபோனது அந்தத் தோழிதான்.

இதை எழுதலாமா என்று அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டேன். எழுதச் சொன்னார்கள். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மாற்றியவை எவை என்று என்னைத் தவிர அவளுக்கு மட்டும் தெரியும். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் உண்டு.

நடந்தது இதுதான். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ரிப்பன் வாங்க இரண்டு பேரும் ஒரே மோட்டாரில் போனார்கள். தோழிக்குப் பதினேழு வயது, உரிமம் இருந்தது, அவள்தான் ஓட்டினாள். சாலை வளைவில் ஒரு லாரி உரசியது. இவளுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. தோழி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டாள். இரண்டு வீடுகளும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். வரிசை வீடு என்பதால் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மகளை இழந்த அம்மா, இந்தப் பக்கம் இவள்.

என்னிடம் வந்தபோது அவள் பள்ளிக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான், பல்கலைக்கழகம் போன ஒரே ஆளும் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை நான் ஒளித்து வைப்பதில்லை. ஆனால் நான் படித்தது என்ன என்பதை வீட்டில் விளக்குவது பெரிய பாடு. "பேசறதுக்கு யூனிவர்சிட்டியா?" என்று அப்பா பட்டமளிப்பு விழா அன்றும் கேட்டார். "ஒங்க அத்தைக்கெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? நாள் பூரா பேசறா."

அப்பாவின் கேள்வியை நான் சிரித்துத் தள்ளினேனே தவிர, மறக்கவில்லை. இரண்டு வருடம் வேலை செய்த பிறகும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் எதிரில் உட்காரும் ஒருத்தியால் என்ன ஆகிறது? மருந்து கிடையாது, ஊசி கிடையாது. பாதி நேரம் நான் வாயே திறப்பதில்லை. இருந்தும் சில பிள்ளைகள் தூங்கத் தொடங்குகிறார்கள், சாப்பிடத் தொடங்குகிறார்கள். சிலருக்கு எதுவும் ஆவதில்லை. எது வேலை செய்கிறது என்று கேட்டால், புத்தகத்தில் இருக்கும் பதில் 'உறவு' என்பது. சரி, என்ன உறவு? நான் அவர்களுக்கு டீச்சர் இல்லை, டாக்டர் இல்லை, சொந்தக்காரி இல்லை. இவள் என்னை முதல் நாளே 'அக்கா' என்றாள். நம் பிள்ளைகள் கடைக்காரப் பெண்ணையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் முறை இப்படி இருக்கும். முதல் சில வாரங்களில் பயம் வந்தால் உடம்பை எப்படி நிதானப்படுத்துவது என்று பழகுவோம். அதற்குப் பிறகு, நடந்ததைத் துண்டு துண்டாகச் சொல்லிப் பார்ப்போம், ஒரு கதையைப் போல. ஒவ்வொரு துண்டையும் பல தடவை சொல்லச் சொல்ல அதன் கூர் மழுங்கும் என்பது எண்ணம். அவள் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தாள். எழுதியது மலாயில், என்னிடம் படித்துக் காட்டியது தமிழில். ரிப்பன் கடை ஒரு பக்கம். வளைவு இரண்டு பக்கம். லாரி அரைப் பக்கம்தான். ஆம்புலன்ஸ் ஒரு பக்கம். ஆஸ்பத்திரிக் கதவு வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"அப்பறம்?" என்று கேட்டால், "அப்பறம் டாக்டர் வந்தாங்க, கட்டு போட்டாங்க, முடிஞ்சிச்சு," என்பாள்.

முடியவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கதவைப் பற்றி எழுதிய வாரங்களில் அவளுக்குத் தூக்கம் மறுபடி கெட்டது. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தவள் ஒரு நாளாகக் குறைத்தாள். கதவுக்குப் பின்னால் இருந்ததை அவள் சொல்லாமல் விட்டால், வந்த தூரம் எல்லாம் வீணாகிவிடும் என்று எனக்குக் கவலை. ஆனால் இழுத்து வெளியே எடுக்க அது பல் இல்லையே. காத்திருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு தடவை அவள் பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிப் பேசினாள்.

"ஆன்ட்டி என்னப் பாக்கறதே இல்லக்கா. வாசல் கேட் கிட்ட நான் நிப்பேன். அவங்க துணி காயப் போடுவாங்க. நான் இருக்கற எடத்துல யாருமே இல்லாத மாதிரி இருப்பாங்க. திட்டினாக்கூட பரவால்ல. முன்னாடி என்னைய 'ஏய் கொரங்கு'ன்னுதான் கூப்டுவாங்க. இப்ப ஒண்ணுமே இல்ல."

இதை என் குறிப்பேட்டில் எழுதினேன். அடியில் கோடும் போட்டேன். இதைச் சொல்வது ஏன் என்றால், எனக்குத் தெரியாது என்று நான் பின்னால் சொல்லிக்கொள்ள முடியாது என்பதற்காக.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலு திராமில் எங்கள் பெரியம்மா மகனுக்குக் கல்யாணம். கோவிலை ஒட்டிய மண்டபம். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றோம். அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டு, முன்னால் நின்ற தூரத்து உறவு அத்தையிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்.

"என் மக மனசு டாக்டரு. பைத்தியம் புடிச்சவங்களையெல்லாம் பேசியே சரியாக்கிடுவா."

"அம்மா, அப்படிலாம் இல்ல."

"சும்மா இரு. இவளுக்கு அடக்கம்."

"அப்ப எங்க வீட்டுக்காரர ஒரு நாளைக்கு அனுப்பறேன்," என்றார் அத்தை. "பேசிச் சரியாகுதான்னு பாக்கலாம்."

வரிசையே சிரித்தது. அப்போதுதான் அவளைப் பார்த்தேன். பெண் வீட்டுப் பக்கத்துச் சொந்தம் போல. அவள் அம்மாவோடு எதிர் வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பு நான்கு மாதம் வீட்டை விட்டே நகராமல் இருந்தவள், சொந்தக்காரர்கள் நிறைந்த மண்டபத்துக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தட்டைப் பிடிக்காத கையைப் பாதி தூக்கினாள்.

நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் இருந்த வாழைமரத்தைப் பார்த்தேன். பிறகு அத்தையிடம் திரும்பி, "ரசத்துல பூண்டு நெறைய போட்டிருக்காங்கபோல," என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஆலோசனைக்கு வருபவரை வெளியில் பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக்கூடாது. அவர் நம்மிடம் வருகிறார் என்பது அவருடைய ரகசியம். பரீட்சையில் இதைப் பற்றி ஒரு கேள்வியே வந்தது, முழு மதிப்பெண் வாங்கினேன். அன்றைக்கு முதன்முறையாக அந்த விதி எனக்கு நிஜத்தில் தேவைப்பட்டது. சரியாகச் செய்துவிட்டேன் என்ற நிறைவோடு பாயசம் குடித்தேன்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு அவள் வரவில்லை. அவள் அம்மாவிடம் இருந்து, டியூஷன் இருக்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் வந்தது. பள்ளிக்கே சரியாகப் போகாதவளுக்கு என்ன டியூஷன்? அடுத்த வியாழனும் வரவில்லை. இந்த முறை செய்தியும் இல்லை. அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இல்லீங்க மிஸ், அவளுக்கு இப்ப பரவால்ல," என்றார். குரலில் உபசாரம் கூடியிருந்தது. மரியாதை கூடக்கூட ஆள் தள்ளிப் போகிறார் என்பது நம் பேச்சில் யாருக்குத்தான் தெரியாது?

"பள்ளிக்கூடம் போறாளா?"

"போகல. கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு நாளும் போகல." பிறகு, "நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க மிஸ். நாலு பேர் மத்தியில எங்களத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கணும்னு நாங்க எதிர்பாக்கல. சின்னப் புள்ள, அவ எதிர்பாத்துட்டா. அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகு எனக்கு முதலில் வந்தது கோபம். நான் செய்தது அவளுடைய பாதுகாப்புக்காக அல்லவா? அடுத்த அறையில் இருந்த மூத்த ஆலோசகரிடம் போய் முறையிட்டேன். அவர் ஏதோ அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

"ரூல் சரிதான்," என்றார், தலையைத் தூக்காமலே. "அந்தப் புள்ளைக்கு ரூல் தெரியுமா?"

"ஃபார்ம்ல இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"ஃபார்ம எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். எங்கள் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். முதல் நாள் அவளுடைய அம்மா, "நீங்களே தமிழ்ல சொல்லிடுங்க மிஸ்," என்றதால் வரி வரியாக நான் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கத்தில் அந்த விதி இருந்தது. அதைப் பார்த்ததும் அந்த நாள் முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வரியில் நான் தடுக்கி நின்றேன். 'வெளியில் உங்களைப் பார்த்தால் நான் வந்து பேச மாட்டேன்' என்று, அப்போதுதான் அறிமுகமான, என்னைவிட வயதில் மூத்த ஒரு தமிழ் அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் படித்தபோது கவசம் போல இருந்த வரி, தமிழில் சொல்ல நினைத்ததும் அவமரியாதையாக மாறிவிட்டது. 'சரி, மற்றது எல்லாம் இரகசியம் காப்பது பற்றித்தான்,' என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மரியாதைக்காக விட்டேன்.

விதியைச் சொல்ல எனக்குக் கூச்சம். அதன்படி நடக்க மட்டும் கூச்சம் இல்லை.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். அவளிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றேன். ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பக்கம் டிவி ஓடியது, பிறகு யாரோ நிறுத்தினார்கள்.

"நான் உன்னப் பாத்தேன்," என்றேன். "நீ கையத் தூக்கினதையும் பாத்தேன். பாத்துட்டு, பாக்காத மாதிரி இருந்துட்டேன். ஏன்னு உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடது. வியாழக்கிழமை நாலு மணி உன்னோட நேரம், யாருக்கும் குடுக்கல. வந்தா சொல்றேன். வரலன்னாலும் புரிஞ்சுக்குவேன்."

பிறகு அவள் குரல், தூரத்தில் இருந்து: "பூண்டு ஒண்ணும் ஜாஸ்தி இல்ல அந்த ரசத்துல."

போன் துண்டிக்கப்பட்டது.

வியாழக்கிழமை நாலு மணி ஆனது. நாலு பத்து ஆனது. கீழே பட்டறையில் ஏதோ ஒரு வண்டியைத் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை. நாலு இருபதுக்குப் படிக்கட்டில் காலடி கேட்டது. அவள் உள்ளே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்காராமல் கதவோரம் இருந்ததில் உட்கார்ந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள். வழக்கமாக அதைச் சொல்வது நான்.

படிவத்தை எடுத்து, விட்ட வரியைத் தமிழில் சொன்னேன். "வெளியில பாத்தா நானா வந்து பேச மாட்டேன். நீ மொதல்ல பேசினா பேசுவேன். ஏன்னா நான் சிரிச்சா, பக்கத்துல இருக்கறவங்க இவங்கள உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அத நீ சொல்லணுமா வேணாமாங்கறது உன் விஷயம்."

அவள் யோசித்தாள். "நான்தானே மொதல்ல சிரிச்சேன்?"

அவள் சொன்னது சரி. விதியை முழுதாகப் படித்தவளாக இருந்தால் நான் திரும்பிச் சிரித்திருக்க வேண்டும். நான் காப்பாற்றியது விதியைக்கூட இல்லை.

"உண்மையச் சொல்லணும்னா," என்றேன், "அந்த நேரத்துல எங்கம்மா பக்கத்துல நின்னு, என் மக மனசு டாக்டர், பைத்தியத்த எல்லாம் சரியாக்கிடுவான்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அப்ப நான் யாரப் பாத்து சிரிச்சாலும்..."

"அலமாக்! நான் பைத்தியமாயிடுவேனா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"டீச்சர்னு கூப்ட்டிருந்தா பரவால்லக்கா. டீச்சருங்க வெளிய பாத்தா சிரிக்க மாட்டாங்க, அது தெரிஞ்சதுதான். நான் அக்கான்னு கூப்ட்டேனே."

"ஆமா."

"ஆன்ட்டி மாதிரியே செஞ்சீங்க."

"ஆமா. அதையேதான் செஞ்சேன். நீ எங்கிட்ட சொன்னதுக்கு அப்பறமும் செஞ்சேன்."

நான் இன்னும் ஏதாவது விளக்கம் சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்தது போல இருந்தது. சொல்லவில்லை. கீழே அந்த வண்டி கடைசியில் கிளம்பியது, உறுமிவிட்டு அடங்கியது. என்ன கோளாறு என்று அவள் இன்று சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னிடம் புதிதாக எதையோ கண்டவள் போல.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? பாத்துட்டு பாக்காத மாதிரி இருக்கறப்ப உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கும், 'உனக்கு ஏன் அது தெரிய வேண்டும்?' என்று திருப்பிக் கேட்பது. ஆனால் எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. யோசித்துச் சொன்னேன்.

"பிடரி சுட்டுச்சு. ரசத்தப் பத்திப் பேசினேனே தவிர, என்ன பேசினேன்னு காதுல விழல. நீ போட்டிருந்தது பச்சை பஞ்சாபி சூட், மஞ்சள் ஷால். இன்னைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கு. அந்த மண்டபத்துல வேற யார் என்ன போட்டிருந்தாங்கன்னு கேளு, ஒண்ணும் தெரியாது. உன்ன மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு."

"ஷால் மஞ்சள் இல்ல. ஆரஞ்சு."

"சரி, ஆரஞ்சு."

அவள் பையைத் திறந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாள். பிரிக்கவில்லை. அதன் முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "எனக்கும் அப்படித்தான் இருந்திச்சி," என்றாள்.

"எப்ப?"

"ஆஸ்பத்திரில."

அவள் சொன்னதை இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். சொல்ல அவளுக்கு அரை மணி நேரம் ஆனது.

அவசரப் பிரிவில் அவளைச் சக்கரக் கட்டிலில் சுவரோரம் விட்டிருந்தார்கள். தோழி இறந்தது அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் தன் பக்கத்திலேயே பார்த்துவிட்டாள். ஆன்ட்டிக்கு இன்னும் தெரியாது. ஃபேக்டரியில் இருந்து நேராக, கழுத்தில் அட்டை தொங்க ஓடி வந்தார். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இவளைக் கண்டதும் முகத்தில் நிம்மதி வந்ததாம். இவளிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்ற நிம்மதி.

"எங்கிட்டதான் வந்தாங்கக்கா. அவ எங்கன்னு கேக்கத்தான் வந்தாங்க. என் வாயாலயா அதச் சொல்லணும்? வேற யாராச்சும் சொல்லட்டும்னு இருந்திச்சி. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு கண்ண மூடிக்கிட்டேன். தூங்கற மாதிரி. அவங்க என் காலத் தொட்டாங்க. போர்வைக்கு மேல. ரெண்டு தடவ. நான் கண்ணத் தொறக்கல. பேரச் சொல்லிக்கூட கூப்ட்டாங்க."

"கொரங்குன்னா?"

"இல்ல. நெஜப் பேரு."

அப்போதுதான் அழுதாள். ஐந்து மாதத்தில் என் முன்னால் அழுவது அதுதான் முதல் தடவை. நான் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன், அவ்வளவுதான். 'உன் தப்பு இல்லை' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவள் சொன்னதை மூடி வைப்பது போல ஆகிவிடும் என்று தோன்றியதால் விழுங்கிக்கொண்டேன்.

"அவங்க என்னப் பாக்க மாட்டேங்கறாங்கன்னு ஒங்ககிட்ட சொன்னேனே," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆரம்பிச்சு வச்சது நான்தான்."

என் பெருமைக்கு உரிய படிப்பு எதுவும் அந்தக் கதவைத் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. அவள் செய்துவிட்டு இத்தனை மாதம் வெட்கப்பட்ட காரியத்தை, அவள் கண் முன்னாலேயே, ஒரு சாப்பாட்டு வரிசையில் நானும் செய்தேன். செய்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அதன் பிறகுதான் அவளால் சொல்ல முடிந்தது. அதற்காக இது ஒரு முறை ஆகிவிடாது. வேறு ஒரு பிள்ளை அந்த இரண்டு வியாழனோடு வராமலே போயிருக்கும், அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். எப்படி நடந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிளம்பும் முன் அவளே புது விதி போட்டாள். "வெளிய பாத்தா நீங்க சிரிக்கணும். யாராச்சும் கேட்டா எங்க டியூஷன் அக்கான்னு சொல்லிக்கறேன்."

"பொய் சொல்லணுமா?"

"பொய்யா? வாரா வாரம் எழுத வைக்கறீங்க, ஹோம்வொர்க் குடுக்கறீங்க. டியூஷன்தான் லா இது."

இப்போது அந்த வரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழில் சொல்லிவிட்டு, உனக்கு எப்படி வேண்டும் என்று கேட்கிறேன். கிடைக்கும் பதில்கள் விதவிதம். ஒருத்தி புருவத்தை மட்டும் தூக்கச் சொன்னாள். ஒரு பையன், "கண்டுக்கவே கண்டுக்காதீங்க, நான் ஃபிரெண்டுங்களோட இருப்பேன்," என்றான். சொல்லிவிட்டுச் செய்தால் அது யாரையும் புண்படுத்துவதில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கங்களை அவள் அடுத்த வாரங்களில் எழுதினாள். ஆறு பக்கம் வந்தது. முதல் தடவை படித்தபோது பாதியில் நிறுத்தினாள், நான்காம் தடவை எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டே படித்தாள். பள்ளிக்கு மூன்று நாள், பிறகு நான்கு நாள். ஒரு நாள் அவளாகவே, "ஆன்ட்டிகிட்ட பேசணும்," என்றாள்.

பேசிப் பழகலாம் என்று நான் ஆன்ட்டியாக நடித்தேன். "வா கண்ணு, உள்ள வாம்மா," என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அக்கா, அது சீரியல்ல வர்ற ஆன்ட்டி. எங்க ஆன்ட்டி இப்படி இல்ல."

இடம் மாறினோம். அவள் ஆன்ட்டி, நான் அவள். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். முகம் அப்படியே வேறு ஒருவருடையதாக மாறிவிட்டது. நான் ஒரு நாற்காலியை வாசல் கேட் போல வைத்து அதன் பின்னால் நின்றேன். மன்னிப்பு, விளக்கம் என்று எனக்கு எத்தனையோ வசனம் தெரியும். அந்த முகத்தின் முன்னால் ஒன்றும் வரவில்லை. வெகு நேரம் கழித்து, "ஆன்ட்டி," என்றேன்.

"அங்கேயே நிறுத்திடுங்க," என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமலே. "அது போதும்."

அடுத்த வியாழன் அவள் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள்.

"சனிக்கிழம காலைல ஆன்ட்டி போர்ச் கழுவிக்கிட்டு இருந்தாங்க. கேட் கிட்ட போயி நின்னேன். ஆன்ட்டின்னு கூப்ட்டேன். அவங்க தண்ணிய மூடினாங்க. ரொம்ப நேரம் என்னையே பாத்தாங்கக்கா. நேரா பாத்தாங்க."

"ம்."

"அப்பறம், 'ஒங்க வீட்டு மாமரத்து எலையெல்லாம் எங்க லோங்காங்ல அடைச்சிருக்கு, ஒங்கப்பாவ வந்து பாக்கச் சொல்லு'ன்னாங்க."

சாக்கடையைப் பற்றி அவள் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டாள். நானும்தான். "அப்பா போனாரா?"

"அப்பாவ எழுப்பல. நானே போயி கையாலயே அள்ளினேன். நாத்தம். ஆன்ட்டி மேல இருந்து தண்ணி விட்டாங்க. எல்லாம் போற வரைக்கும் விட்டாங்க."

"ஏதாச்சும் பேசினாங்களா?"

"ஒரு தடவ 'அங்க இன்னும் இருக்கு பாரு'ன்னாங்க. அவ்வளவுதான்." முகத்தைச் சுருக்கி யோசித்தாள். "அது நல்லதாக்கா, கெட்டதா?"

"நீ என்ன நெனைக்கற?"

"பாரு, மறுபடி ஆரம்பிச்சிட்டாங்க!" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை; அதையும் சொன்னேன். அவள் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். பேனாவைத் திறந்து வெற்றுப் பக்கத்தின் மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடிவிட்டாள்.

"இது இந்த விபத்து நோட்டுல வராதுக்கா," என்றாள். "இது போன சனிக்கிழம நடந்தது."